மஞ்சள் கப்பின் வட்டம்

"புள்ள மூஞ்சியில என்னளா அது?"

அந்த வருடம் கச்சான் காற்று எழும்பிச் சில வாரங்களில் இந்தக் கேள்வி என்னைத் துரத்தத் தொடங்கியது. குழாயடியில் குடத்தை வைத்தால் ஒருத்தி கேட்பாள். மீன்காரி கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்பாள். கோயிலில் பூசையின்போது நன்மை அப்பம் வாங்கிக் கைகூப்பித் திரும்பும்போதுகூட, பெஞ்சில் இருக்கிறவர்கள் கண்ணாலேயே கேட்பார்கள். வெக்கை என்றேன். எறும்பு கடித்தது என்றேன். ஒரு நாள் எரிச்சலில், "எனக்குத் தெரியாது, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று எதிர்வீட்டு அக்கா கையில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த அக்கா பயந்துபோய் அடுத்த நிமிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டது.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. இழுப்புக்காரி. பிறந்த வருடத்திலேயே தொடங்கிவிட்டது. மேற்கேயிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் தேரிக்காட்டுச் செம்மணலும் தெருப் புழுதியும் வீட்டுக்குள் வந்து குடியேறிவிடும். மார்கழியில் வாடை வந்து ஈரத்தைக் கொண்டுவரும். இரண்டும் அவளுக்கு ஆகாது. நடுவில் கிடைக்கிற சில வாரங்கள்தான் எனக்கு விடுமுறை. இழுப்பு வந்தால் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வரும். தொண்டைக்குழி பள்ளமாகும். மடியில் படுக்க வைத்தால் மூச்சுத் திணறும் என்பதால் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடப்பேன். நடந்து நடந்து, எங்கள் வீட்டுத் தரையில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்பது என் கால்களுக்கு மனப்பாடம். பிள்ளை பெற்ற அலுப்புகூட ஒரு மாதத்தில் ஆறிவிடும். இந்த அலுப்பு ஆறுவதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடும்.

கற்பூரவல்லிச் சாறு கொடுத்தோம். தூதுவளை கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அவர்கள் கொடுத்த சிரப்பைக் குடித்தால் மூச்சு கொஞ்சம் இளகும், ஆனால் கை கால் வெடவெடவென்று நடுங்கும். சோறு இறங்காது. அந்த நடுக்கத்தைப் பார்ப்பதற்கு இழுப்பே தேவலை என்று தோன்றும். அப்புறம் இழுப்பைப் பார்த்தால் நடுக்கமே தேவலை என்று தோன்றும்.

அவளுடைய அப்பா கப்பலில் சுக்கானி. அங்கே சுக்கானைப் பிடித்துக் கப்பலை ஓட்டுகிறவர் அவர். வீட்டை ஓட்டுகிறவள் நான். ஒருமுறை ஊரில் இருந்தபோது அவரும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பங்குக்கு நடந்து பார்த்தார். ஒரு வாரத்தில் முகம் வற்றிப்போய், "இத நீ எப்படிளா தெனமும் செய்யுத?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை மன்னிக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த பயணத்தில் இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் டாக்டர் ஒருவரைப் பார்த்து, மகளின் கதையைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, கைக்கு அடக்கமான இரண்டு மருந்துக் குப்பிகளை வாங்கி வந்தார். ஒன்று இழுப்பு வந்தால் அடிப்பது. மற்றது இழுப்பே வராமலிருக்கக் காலையும் மாலையும் அடிப்பது. அமுக்கினால் புஸ் என்று புகை போல வரும். எங்கள் வீட்டில் அதன் பெயரே புஸ் என்று ஆகிவிட்டது.

வாங்கி வந்ததெல்லாம் சரி, வாயில் வைத்து அமுக்கும் அதே நொடியில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமாம். எங்கள் மகள் அது புஸ் என்றதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். மருந்தெல்லாம் சுவருக்கும் எனக்கும்தான். கடைசியில் டவுனில் இருந்த சின்னப் பிள்ளைகள் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு குப்பிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடவே வந்த காகிதத்தை முழுவதும் படித்தார். பிறகு, "வீட்டில பிளாஸ்டிக் கப் இருக்கா?" என்று கேட்டார். கப்பலிலிருந்து வந்த மஞ்சள் கப் ஒன்று இருந்தது. அதன் அடியில் கத்தியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, குப்பியின் வாய் அதில் சிக்கென்று உட்காரும்படி செய்து கொடுத்தார். கப்பைப் பிள்ளையின் மூக்கும் வாயும் மறைய முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். அழுதாலும் பரவாயில்லை, கப்புக்குள் இருக்கிற மருந்தைத்தானே மூச்சாக இழுத்தாக வேண்டும் என்றார்.

முதலில் உதைத்தாள், கடித்தாள். பிறகு பழகிவிட்டாள். நான் கப்பை எடுத்தாலே மடியில் வந்து உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் கொடுப்பாள். ஒரு மாதம் போல ஆனதும் வீட்டில் ஒரு சத்தம் இல்லாமல் போயிருப்பதை உணர்ந்தேன். அவள் நெஞ்சிலிருந்து வருகிற விசில் சத்தம். கச்சான் காலத்தில் என் மகள் தெருவில் ஓடினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே அழுதேன். அதற்குப் பிறகுதான் மனிதர் மாதிரி தூங்கினேன். அவளுடைய அப்பா நிம்மதியாக அடுத்த கப்பலில் ஏறினார்.

அப்போதுதான் முகம் சிவக்கத் தொடங்கியது.

முதலில் உதட்டைச் சுற்றி இலேசான சிவப்பு. பிறகு மூக்கோரம், கன்னம். தோல் சொரசொரவென்று ஆகி, செதில் விட்டது. பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தாள். தேங்காய் எண்ணெய் தடவினேன், கூடிற்று. ஒரு காலை எழுந்து பார்த்தால் சிவப்புக்கு மேல் குருணை குருணையாகக் கொப்புளம் எழும்பி, சிலவற்றின் தலை வெள்ளையாக இருந்தது.

எங்களோடு என் கணவரின் அக்கா இருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். வீட்டுக்காரர் கடலில் சங்கு குளிக்கப் போகிறவராக இருந்து, இளம் வயதிலேயே போய்விட்டார். இருந்த ஒரே மகனும் ஐந்தாறு வயதில் போய்விட்டான். மைனி அதிகம் பேசமாட்டார். பேசினால் அது தீர்ப்பு. அன்று காலை பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மை" என்றார்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மாரியம்மன் எங்கள் வேதத்தில் கிடையாது. ஆனால் வேப்பிலை எங்கள் வேதத்திலும் உண்டு. கொள்ளை நோய்க்குக் காவலான செபஸ்தியார் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏறும், நிலைப்படியில் வேப்பங்கொத்தும் ஏறும். பங்குச் சாமியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மை என்ற சொல் ஒரு வீட்டில் விழுந்துவிட்டால் அப்புறம் எல்லாம் தானாக நடக்கும். குசினியில் தாளிக்கக் கூடாது. மீன் வரக் கூடாது. வெளியாள் நுழையக் கூடாது, வீட்டுப் பிள்ளையும் படியிறங்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் விடுகிற நாள் வரை உடம்பில், முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து கூடவே கூடாது.

"ஊசி, மாத்திர, அந்தப் புஸ்ஸு, ஒண்ணும் ஆகாது" என்றார் மைனி.

"மைனி, புஸ் அடிக்காட்டா இழுத்துருமே."

"இழுத்தா செபஸ்தியார் பாத்துக்கிடுவார். மருந்து குடுத்தா அம்ம உள்ள அமுங்கிப் போவும். அமுங்கினா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

அவர் மகன் மணல்வாரி அம்மையில் போனவன். உடம்பெல்லாம் முத்துப் போட்டிருந்தபோது யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டிருக்கிறார்கள். மறுநாள் பையன் இல்லை. ஊசிதான் கொன்றது என்று மைனி நம்பினார். இந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு எதிரே நின்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. அதோடு, பெரியம்மை பயம் ஊரை விட்டு முழுதாகப் போகாத காலம் அது. சுகாதார ஆட்கள் அம்மைப் படம் போட்ட அட்டையைக் காட்டி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்த அட்டைப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்கவில்லை. ஒருவேளை மைனி சொல்வது சரியாக இருந்தால்? அந்த 'ஒருவேளை' என்னைக் கட்டிப்போட்டது.

அன்றே புஸ் குப்பிகள் இரண்டும் அலமாரியிலிருந்து காணாமல் போயின. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மைனி வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பிள்ளையின் முகம் முழுக்கப் பூசினார். பூச்சு காய்ந்து வெடித்தது. எரிகிறது என்று அழுதாள். அதன் மேலேயே மறுநாளும் பூசினார். இளநீரும் கஞ்சியும் கொடுத்து, விசிறியால் விசிறி, ஒரு நொடி தனியே விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்ட மனுஷியாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நான் பிள்ளையின் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இல்லை. "இன்னும் முழுசா எறங்கல" என்றார் மைனி. கொப்புளம் முகத்தில் மட்டுமே நின்றது. ஆனால் நெஞ்சில் அந்த விசில் திரும்பி வந்துவிட்டது. முதலில் சிரித்தால் மட்டும் கேட்டது, அப்புறம் சும்மா இருந்தாலே கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் அந்தக் கற்கள் மேல் நடந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒரு மாதம் நிம்மதியைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. மாதாவிடம்கூட ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் காலை இழுப்பு நன்றாகவே பிடித்துவிட்டது. தொண்டைக்குழி பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. கஞ்சி ஆற்றுவதற்காக அவளைக் குசினி வாசலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன். அவளால் அழ முடியவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. மெல்லத் தவழ்ந்து, கழுவிய பாத்திரங்கள் கவிழ்த்திருந்த இடத்துக்குப் போனாள். குப்பிகளை ஒளித்த மைனிக்குக் கப்பை ஒளிக்கத் தோன்றவில்லை. அது வெறும் கப்தானே. டம்ளர்களோடு டம்ளராகக் கிடந்தது. என் மகள் அதை எடுத்து, தானே மூக்கும் வாயும் மூடும்படி முகத்தில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ம்மா. புஸ்."

கப்புக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. என் கையிலிருந்த கஞ்சி எங்கே போயிற்று என்று தெரியாது. ஓடிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். கப்பின் விளிம்பு கன்னத்தில் எங்கே உட்கார்ந்திருந்ததோ, அங்கேதான் சிவப்பு முடிந்திருந்தது. கப்பை எடுத்தேன். உதடு, மூக்கோரம், கன்னம், நாடி, எல்லாவற்றையும் சுற்றிக் காம்பஸ் வைத்துக் கீறின மாதிரி ஒரு வட்டம். வட்டத்துக்கு உள்ளே கொப்புளம். வெளியே, காய்ந்து உதிர்ந்த மஞ்சள் பூச்சுக்கு அடியில், நல்ல தோல். மறுபடியும் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"மைனி! இங்கன வாங்க!"

நான் அவரிடம் அந்தக் குரலில் பேசினதே இல்லை. ஓடி வந்தார்.

"பாருங்க. கப்ப வச்ச எடத்துல மட்டும் அம்ம எறங்குமா? மாரியாத்தா அளவு எடுத்தா போடுதா? செபஸ்தியாரா கப்பப் புடிச்சுப் பாத்தாரு?"

மைனி என் பக்கத்தில் குனிந்தார். கப்பை வாங்கி, தானே பிள்ளையின் முகத்தில் வைத்தார். எடுத்தார். ஆள்காட்டி விரலால் கப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு முறை தடவினார். அதே விரலால் பிள்ளையின் கன்னத்து வட்டத்தைச் சுற்றித் தடவினார். பிள்ளை மூச்சுக்காகத் தோளை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மைனி, புஸ் எங்க? புள்ள போயிருவா மைனி. தாங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெட்டியை அவர் யாருக்கும் திறந்து காட்டியதில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னக் கோடுபோட்ட சட்டை இருந்தது. ஐந்தாறு வயதுப் பையன் போடுகிற அளவு. அதற்குள்ளே சுற்றியிருந்தன இரண்டு குப்பிகளும். சட்டையை நான் வாங்கிப் பிரித்தேன்.

இழுப்புக்கு அடிக்கிற குப்பியைக் கப்பில் பொருத்தி அமுக்கினேன். புஸ். மறுபடியும் அமுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு அவள் இழுத்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. தொண்டைக்குழியின் பள்ளம் மெல்ல மெல்ல ஆழம் குறைந்தது. வேர்த்துப்போய் என் மேல் சாய்ந்தாள். நிலைப்படியில் வேப்பங்கொத்து தொங்கிக்கொண்டிருக்க, அதற்கு அடியில் குனிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு அக்கா பார்த்தது பார்த்தபடி கதவைச் சாத்திக்கொண்டது. "அம்ம வீட்டுப் புள்ளைய ஏத்த மாட்டேன் தாயி" என்று தயங்கிய ரிக்ஷாக்காரரிடம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்ம இல்ல அண்ணாச்சி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். மிதிங்க."

மைனி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் முதலில் நெஞ்சைக் கேட்டு, மூச்சைச் சரிபார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும், "இது என்ன மஞ்சள்?" என்றார். பஞ்சை நனைத்து வேப்பிலைப் பூச்சைத் துடைத்து எடுத்தார். வட்டத்துக்குள் தோல் புண்ணாகியிருந்தது.

"அடிக்கிற மருந்தெல்லாம் உள்ள போறதில்லம்மா. பாதி முகத்திலயே படிஞ்சிடுது. அதுவும் தினமும் காலையும் மாலையும் அடிக்கிறது இருக்கே, அது பிஞ்சுத் தோல்ல தங்கினா இப்படிச் செய்யும்னு இப்பத்தான் எனக்கும் புரியுது. எனக்கே இது புது மருந்து. முதல்லயே சொல்லத் தெரியல."

"அப்ப மருந்த நிறுத்தணுமா?" என்றேன். என் உயிர் அவர் பதிலில் தொங்கியது.

"நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவை அடிச்சதும் முகத்தைத் தண்ணியில கழுவி, ஈரம் இல்லாம துடைங்க. வாயையும் கொப்புளிக்க வைங்க, இல்லாட்டிக் குடிக்கத் தண்ணி குடுங்க. எண்ணெய், பூச்சு, எதுவும் வேண்டாம். மெல்ல ஆறிடும்."

"வெறும் தண்ணியா?" என்று கேட்டது மைனி.

"வெறும் தண்ணிதான்."

வீட்டுக்கு வந்ததும் நான் தரையிலேயே சுருண்டு படுத்துவிட்டேன். வேப்பிலையை யார் எடுத்தார்கள் என்று தெரியாது, நான் எழுந்தபோது நிலைப்படியில் இல்லை. சாயங்காலப் புஸ்ஸை அடித்து முடித்ததும் தண்ணீர் எடுக்க எழுந்தேன். மைனி அதற்குள் வெண்கலச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் தண்ணீர் மொண்டு உதட்டோரம், மூக்கோரம், கன்னம் என்று வட்டத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினார். பிள்ளை தண்ணீரைத் தட்டி விளையாடினாள். நான் துண்டை நீட்டினேன். மைனி வாங்கவில்லை. கை பிள்ளையின் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"மூஞ்சி எரியுது, தண்ணி ஊத்துன்னு கேட்டான்ளா" என்றார். "தண்ணி ஆகாதுன்னு நான் ஊத்தல. குழிக்குக் கொண்டு போற அன்னைக்குத்தான் கழுவி விட்டேன்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தேன்.  பிள்ளை சட்டித் தண்ணீரைக் கையால் அடித்து எங்கள் இருவர் மேலும் தெறிக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு புஸ் அடிப்பது என் வேலை, கழுவுவது மைனி வேலை. என்னை விட மாட்டார். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட எழுந்து வந்து கழுவிவிட்டுப் போய்ப் படுத்தார். கொப்புளம் வற்றி, செதில் உதிர்ந்து, வட்டம் வெளிறிக்கொண்டே வந்து மறைந்தது. இழுப்பு அப்புறமும் வந்தது, போனது. பள்ளிக்கூடம் போகிற வயது வரை நான் நடந்த நடையெல்லாம் இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.

ஒரு நாள் மூன்று பேரும் குழாயடியில் நின்றோம். பழக்க தோஷத்தில் எதிர்வீட்டு அக்கா குனிந்து பார்த்து, "புள்ள மூஞ்சியில என்னளா?" என்றது. நான் பதில் தேடுவதற்குள் மைனி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "இப்பத்தான் கழுவினேன்."